அயர்லாந்தை இரண்டாகப் பிரித்த கேப்டன்... மேனேஜர் நாற்காலியில் ராய் கீன்!

ஒரு ஃபுட்பால் மேனேஜர், தன் அணிக்கு ஒரு மிட்ஃபீல்டரை வாங்க நினைக்கிறார். அந்த வீரர் ஆடிக்கொண்டிருக்கும் கிளப்பிடம் முறைப்படி அனுமதி கேட்டாயிற்று. 'பேசிப் பாருங்கள்' என்று நம்பரும் கிடைத்துவிட்டது. போன் போடுகிறார். ரிங் போகிறது, யாரும் எடுக்கவில்லை. வாய்ஸ் மெயிலுக்குப் போகிறது. அதில் அந்த வீரர், அப்போது டி.வி-யில் பிரபலமாக இருந்த பீர் விளம்பரத்தின் பாணியில் "வாஸ்ஸ்ஸப்!" என்று இழுத்துக் கத்துகிறார்.

மேனேஜர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. இப்படிக் கத்துகிற ஆளை எப்படி வாங்குவது என்று தோன்றிவிட்டதாம் அவருக்கு!

வீரர் பெயர் ராபி சாவேஜ். மேனேஜர், ராய் கீன். 2014-ல் வெளிவந்த தன் இரண்டாவது சுயசரிதையில் கீனே இதைச் சொல்லியிருக்கிறார். 'மனுஷன்னா இப்படி இருக்கணும்' என்று சிரிக்கலாம். 'ஒரு வாய்ஸ் மெயிலுக்காக நல்ல வீரரை விடுகிறவர் என்ன மேனேஜர்?' என்று தலையில் அடித்துக்கொள்ளவும் செய்யலாம். கீன் விஷயத்தில் நடுவில் நிற்பவர்கள் மிகவும் குறைவு.

அயர்லாந்தின் தென்கோடியில் இருக்கும் கார்க் நகரத்துக்காரர். 1971-ல் பிறந்தவர். மேஃபீல்டு என்கிற, உழைக்கும் மக்கள் வாழும் பகுதியில் வளர்ந்தார். சிறுவயதில் குத்துச்சண்டையும் உண்டு, ஃபுட்பாலும் உண்டு. ஆனால், வயதுக்கேற்ற உயரம் இல்லை. 'பையன் ரொம்பச் சின்னதா இருக்கான்' என்று தட்டிக்கழித்தார்கள். கூட ஆடிய பையன்கள் ஒவ்வொருவராக இங்கிலாந்துக்குப் போக, இவர் உட்கார்ந்து இங்கிலாந்து கிளப்களுக்குக் கடிதம் எழுதினார், ஒரே ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று. கடிதங்களால் ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கோவ் ராம்ப்ளர்ஸ் என்கிற சின்ன கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தபோது, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு ஆள் தேடித் தருபவர் ஒருவரின் கண்ணில் பட்டார். 1990-ல், 47,000 பவுண்டுக்கு ஃபாரஸ்ட் அவரை வாங்கியது. போன கையோடு, ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிராக முதல் ஆட்டம். 19 வயது.

அங்கே மேனேஜர், பிரையன் கிளஃப். அவரைப் பற்றிச் சொல்லாமல் கீனைப் புரிந்துகொள்ள முடியாது. 1991-ல் கிரிஸ்டல் பேலஸுடன் எஃப்.ஏ கோப்பை ஆட்டம். கோல் கீப்பருக்கு கீன் திருப்பிக் கொடுத்த பந்து வலுவில்லாமல் போக, எதிரணிக்கு கோல் விழுந்துவிட்டது. ஆட்டம் முடிந்து டிரெஸ்ஸிங் ரூமுக்குள் நுழைந்த கீனின் முகத்தில் ஒரு குத்து விட்டார் கிளஃப். விழுந்தார் கீன். இன்றைக்கு நடந்தால் போலீஸ் வரும். கீனோ இன்றுவரை கிளஃபைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்கு இருந்த அழுத்தம் அப்படி என்கிறார். தான் பார்த்ததிலேயே சிறந்த மேனேஜர் என்றால் கிளஃப் பெயரைத்தான் முதலில் சொல்வார். தப்பு செய்தால் அடி விழும், அடுத்த நாள் அதை மறந்துவிட்டு ஆட வேண்டும். கீன் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் அது. எல்லோரும் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் இல்லை என்பதுதான் பின்னால் பிரச்னையானது.

1993-ல் ஃபாரஸ்ட் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. கீனை வாங்கப் போட்டி. பிளாக்பர்ன் ரோவர்ஸ் மேனேஜர் கென்னி டால்கிளீஷுடன் பேசி முடித்து, கைகுலுக்கியும் ஆயிற்று. அது ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கிளப் ஆபீஸில் பேப்பர் வேலை பார்ப்பவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். 'திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுக்கலாம்' என்று கீன் கார்க்குக்குக் கிளம்பிவிட்டார். அந்த சனி, ஞாயிறுக்குள் அலெக்ஸ் ஃபெர்குசனிடமிருந்து போன் வந்தது. 37.5 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட் போனார். அன்றைக்கு அது பிரிட்டனின் சாதனைத் தொகை. பிளாக்பர்ன் ஆபீஸில் யாராவது ஒருவர் அன்று ஓவர்டைம் பார்த்திருந்தால், சரித்திரமே வேறு!

யுனைடெட்டில் 12 வருடங்களுக்கும் மேல். ஏழு பிரீமியர் லீக் பட்டங்கள், நான்கு எஃப்.ஏ கோப்பைகள். 1997-ல் எரிக் கான்டோனா ஓய்வு பெற்றதும் கேப்டன் பட்டை கீனின் கைக்கு வந்தது.

அவர் ஆட்டத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு 1999 ஏப்ரல் 21 ஒன்று போதும். டூரின் நகரம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். எதிரில் யுவென்டஸ். 11 நிமிடங்களுக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டது யுனைடெட். முடிந்தது கதை என்று நினைத்தபோது, 24-வது நிமிடத்தில் தலையால் முட்டி ஒரு கோல் அடித்தார் கீன். கொண்டாடவே இல்லை. திரும்பி ஓடினார், அடுத்த வேலை இருப்பதைப் போல. கொஞ்ச நேரத்தில் ஜிடேன் மீது ஒரு ஃபவுல், யெல்லோ கார்டு. ஏற்கெனவே வாங்கியதோடு இது சேர, யுனைடெட் ஃபைனலுக்குப் போனாலும் கீன் அதில் ஆட முடியாது.

வேறொருவராக இருந்தால் அங்கேயே தளர்ந்திருப்பார். கீன் அதற்குப் பிறகுதான் இன்னும் ஆவேசமாக ஓடினார், தனக்கு இடமில்லாத ஒரு ஃபைனலுக்காக! யுனைடெட் 3-2 என ஜெயித்தது. பார்சிலோனாவில் நடந்த ஃபைனலில் பேயர்ன் மியூனிக்கைக் கடைசி நிமிடங்களில் அடித்த இரண்டு கோல்களால் வென்றது. கோட் சூட்டோடு நின்று அதைப் பார்த்தார் கேப்டன். அந்த மெடலைத் தன்னுடையதாக அவர் நினைத்ததே இல்லை.

இந்த மனிதருக்கு, பாதி மனதோடு வேலை பார்ப்பவர்களைக் கண்டால் ஆகாது. அது சக வீரராக இருந்தாலும் சரி, ரசிகராக இருந்தாலும் சரி. 2000-ம் ஆண்டு நவம்பர். சொந்த மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும், வசதியான பாக்ஸ்களில் உட்கார்ந்து, குடித்துக்கொண்டு, இறால் சாண்ட்விச் சாப்பிடுகிறவர்களுக்கு மைதானத்தில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை என்று பொரிந்து தள்ளினார். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களைத் திட்டும் கேப்டன்! மழையில் நனைந்துகொண்டு கத்தும் ரசிகர்களுக்கோ பரம சந்தோஷம். அன்றிலிருந்து பிரிட்டனில், விளையாட்டைப் புரியாமல் வேடிக்கை பார்க்க வரும் பணக்காரக் கூட்டத்துக்கே 'இறால் சாண்ட்விச் பட்டாளம்' என்று பெயர்.

இதன் இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1997-ல் லீட்ஸ் அணியின் ஆல்ஃபி ஹாலண்டைத் தடுக்கப் போய், முழங்கால் ஜவ்வு கிழிந்து தரையில் கிடந்தார் கீன். நடிக்கிறார் என்று நினைத்து, மேலே நின்று திட்டினார் ஹாலண்ட். கீன் அதை மறக்கவில்லை. 2001-ல் மான்செஸ்டர் சிட்டிக்கு ஆடிய அதே ஹாலண்டின் முழங்கால் உயரத்தில் பூட்ஸைப் பாய்ச்சினார். ரெட் கார்டு. அடுத்த வருடம் வந்த முதல் சுயசரிதையில் அது வேண்டுமென்றே செய்ததுதான் என்கிற தொனியில் எழுத, 1,50,000 பவுண்டு அபராதமும் ஐந்து ஆட்டத் தடையும் விழுந்தது. நேர்மையாக ஒப்புக்கொண்டார் என்று இதைப் பாராட்ட முடியாது. இன்னொருவரின் பிழைப்பு அந்தக் காலில் இருக்கிறது. அந்த ஆல்ஃபியின் மகன்தான் இன்றைக்கு கோலாகக் குவித்துத் தள்ளும் எர்லிங் ஹாலண்ட். மகனின் ஆட்டத்தை டி.வி-யில் விமர்சிக்கும் வேலை கீனுக்கு!

ஒரு தீவு, ஒரு பேப்பர், ஒரு மீட்டிங்

2002 உலகக்கோப்பை. நெதர்லாந்தை வெளியே தள்ளிவிட்டுத் தகுதி பெற்றிருந்தது அயர்லாந்து. அதற்கு முக்கியக் காரணம் கேப்டன் கீன். ஜப்பான் போவதற்கு முன், பசிபிக் கடலில் இருக்கும் சைபன் தீவில் அணிக்குச் சில நாள் முகாம்.

போய் இறங்கினால், பயிற்சிச் சாமான்கள் வந்து சேரவில்லை. பந்துகூட இல்லை. மைதானம் கட்டாந்தரை போல இருந்தது. பிறகு ஒரு பயிற்சி ஆட்டத்தின்போது கோல் கீப்பர்கள் இல்லை. அவர்கள் ஏற்கெனவே தங்கள் பயிற்சியை முடித்துக் களைத்துவிட்டார்களாம். மற்ற வீரர்கள் 'நம்ம ஊர் அசோசியேஷன்னா இப்படித்தான்' என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அவர்களைத் தவறு சொல்ல முடியாது, பழகிப்போயிருந்தது. கீனால் சிரிக்க முடியவில்லை. உலகக்கோப்பைக்கு வந்திருக்கிறோமா, பிக்னிக்குக்கு வந்திருக்கிறோமா என்பதுதான் அவர் கேள்வி.

ஊருக்குப் போகிறேன் என்றார். பிறகு மனம் மாறி இருக்கிறேன் என்றார். இடையில் 'ஐரிஷ் டைம்ஸ்' நிருபரிடம் உள்ளதையெல்லாம் கொட்டியும் விட்டார். பேட்டி மே 23-ம் தேதி அச்சானது. மேனேஜர் மிக் மெக்கார்த்தி, மொத்த அணியையும் கூட்டினார். கையில் அந்தப் பேட்டி. அத்தனை பேர் முன்னால் விளக்கம் கேட்டார். தகுதிச்சுற்றில் ஈரானுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்துக்கு கீன் வராமல் போன பழைய கதையும் பேச்சில் வந்தது. காயத்தால் வரவில்லை என்பது கீன் தரப்பு. அதைச் சந்தேகிப்பதாக அவருக்குப் பட்டதும் அணை உடைந்தது.

அதற்குப் பிறகு கீன் பேசியது குடும்பப் பத்திரிகையில் அச்சிடக் கூடியதல்ல. நீ வீரராகவும் ஒன்றுமில்லை, மேனேஜராகவும் ஒன்றுமில்லை, மனிதராகவும் ஒன்றுமில்லை என்பது அதன் நாகரிகமான சுருக்கம். அறையில் இருந்த யாரும் குறுக்கே பேசவில்லை. பேச்சு முடிந்தபோது அயர்லாந்துக்கு கேப்டன் இல்லை.

பிறகு நடந்த செய்தியாளர் சந்திப்பில், மெக்கார்த்தியின் பக்கத்தில் மூன்று மூத்த வீரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர் நயல் குயின். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாடு இரண்டானது. மிகையில்லை. அரசியல், பொருளாதாரம் எல்லாம் பின்னுக்குப் போய், 'நீ யார் பக்கம்?' என்பதே வீடுகளிலும் பப்களிலும் கேள்வி. பிரதமர் பெர்ட்டி அஹெர்னே சமரசத்துக்கு உதவத் தயார் என்கிற அளவுக்குப் போனது. கீனோ மான்செஸ்டர் பக்கத்தில் தன் வீட்டுக்கு வெளியே, தன் லேப்ரடார் நாய் டிரிக்ஸை வாக்கிங் கூட்டிப்போனார். பின்னாலேயே கேமராக்கள் ஓடின. அந்த சில நாள்களில், அயர்லாந்திலேயே மிகப் பிரபலமான நாய் டிரிக்ஸ்தான்.

கீன் இல்லாமலேயே அயர்லாந்து ஜெர்மனியுடன் டிரா செய்தது, இரண்டாவது சுற்று வரை போனது, ஸ்பெயினிடம் பெனால்ட்டி ஷூட் அவுட்டில் தோற்றது. 'பார்த்தீர்களா, அவர் இல்லாமலே சாதித்தோம்' என்றது ஒரு கூட்டம். 'அவர் இருந்திருந்தால் ஸ்பெயினைத் தாண்டியிருப்போம்' என்றது இன்னொன்று. அந்த ஆண்டு இறுதியில், ஏற்பாடுகளை ஆராயச் சொல்லி அசோசியேஷனே கேட்டு வாங்கிய அறிக்கை வெளியானது. குறைகள் நிஜம் என்றது அது. அசோசியேஷனின் பொதுச் செயலாளர் பதவி விலகினார். அந்த நவம்பரில் மெக்கார்த்தியும் விலகினார்.

ஆக, கீன் சொன்ன விஷயம் சரி. சொன்ன விதம்? ஒரு கேப்டன், உலகக்கோப்பைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 22 பேரை அம்போ என்று விட்டுவிட்டு வருகிற அளவுக்கு அந்தக் கோபம் பெரியதா? ஜப்பானில் அந்த ஆட்டங்களைப் பார்க்கக் கடன் வாங்கி விமானம் ஏறியவர்களின் மனக்குறையை, எந்த அறிக்கையும் தீர்த்து வைக்காது.

மூன்று வருடம் கழித்து, இதே கதை வேறு மேடையில். 2005 அக்டோபரில் மிடில்ஸ்பரோவிடம் யுனைடெட் 4-1 எனத் தோற்றது. கிளப்பின் சொந்த டி.வி-யில் பேச வந்த கீன், சக வீரர்களைப் பெயர் சொல்லி விளாசினார். ஒளிபரப்பாமல் பூட்டி வைத்தார்கள். நவம்பர் 18-ம் தேதி கீனும் யுனைடெட்டும் பிரிந்தார்கள். ஃபெர்குசன் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் கீனின் நாக்கைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. பாராட்டு இல்லை! செல்டிக்கில் அரை சீஸன் ஆடிவிட்டு, 2006-ல் ஓய்வு பெற்றார். அந்த மே மாதம் ஓல்டு டிராஃபோர்டில் அவருக்காக நடந்த பாராட்டு ஆட்டத்தின் வசூலை, பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் அயர்லாந்துத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தார்.

குயின் செய்த போன்

இப்போது நயல் குயினிடம் வருவோம். சண்டர்லேண்ட், இங்கிலாந்தின் வடகிழக்கில் கப்பல் கட்டியும் நிலக்கரி தோண்டியும் வாழ்ந்த ஊர். இரண்டு தொழிலும் போய்விட்டன. ஃபுட்பால் மட்டும் மிச்சம். 2005-06 சீஸனில் வெறும் 15 புள்ளிகளோடு பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது அந்த கிளப். அதை அந்த சீஸனில் பெரும்பகுதி நடத்தியவர் யார் தெரியுமா? மிக் மெக்கார்த்தி!

அந்தக் கோடையில், அயர்லாந்து பிசினஸ்மேன்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கிளப்பை வாங்கித் தலைவரானார் குயின். மேனேஜர் கிடைக்காததால் அந்த வேலையையும் அவரே பார்த்தார். முதல் நான்கு லீக் ஆட்டங்களிலும் தோல்வி. கோப்பைப் போட்டியில், நான்காம் டிவிஷனில் தவித்துக்கொண்டிருந்த பரி அணியிடமும் தோல்வி. அப்போதுதான் கீனை அழைத்தார் குயின்.

சைபனில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்தவர். அது மட்டுமில்லை. உலகக்கோப்பைக்குக் கொஞ்சம் முன், குயின் தன் பாராட்டு ஆட்டத்தின் வசூல் மொத்தத்தையும் குழந்தைகள் மருத்துவமனைகளுக்குக் கொடுத்தார். அந்த ஆட்டத்துக்கு கீன் வரவில்லை என்று ஊரே பேசியது. இத்தனைக்கும் பிறகு ஒருவர் கூப்பிட்டார், இன்னொருவர் வந்தார். இந்தக் கதையில் யாருக்காவது கைதட்ட வேண்டும் என்றால், முதல் கைதட்டல் குயினுக்கு.

மேனேஜராக ஒரு நாள் அனுபவம்கூட இல்லாத கீன், வந்த சில நாள்களில் ஆறு வீரர்களை வாங்கினார். அதில் பழைய நண்பர் டுவைட் யார்க்கும் உண்டு. முதல் ஆட்டம் டெர்பியில், ஜெயம். 2007 மார்ச்சில் பார்ன்ஸ்லி போகும் பஸ்ஸுக்கு மூன்று பேர் தாமதம். பஸ் கிளம்பிவிட்டது. மூன்று பேரையும் விட்டுவிட்டுப் போய் 2-0 என ஜெயித்து வந்தார்கள். கிளஃபின் பள்ளிக்கூடம் அப்படியே! சீஸன் முடிவில் லூட்டனை 5-0 என அடித்து, 88 புள்ளிகளோடு டிவிஷன் சாம்பியன். செப்டம்பரில் அதலபாதாளத்தில் இருந்த அணி, மே மாதம் பிரீமியர் லீக்கில்.

மேலே போனதும் காற்று மெல்லியதானது. முதல் ஆட்டத்தில் டாட்டன்ஹாமை ஜெயித்த அதே அணி, நவம்பரில் எவர்ட்டனிடம் 7-1 என வாங்கிக் கட்டிக்கொண்டது. பெரிய வீரர்கள் சண்டர்லேண்டுக்கு வர மறுத்தார்கள். அவர்களுடைய மனைவிமார் லண்டனில் ஷாப்பிங் செய்ய ஆசைப்படுகிறார்கள், வீட்டம்மா சொல்படி கிளப்பைத் தேர்ந்தெடுப்பவன் ஆண்பிள்ளையா என்று வெடித்தார் கீன். சண்டர்லேண்ட் ரசிகர்களுக்கு அது இனித்தது. வேலைக்காக ஊர் மாறும்போது மனைவியின் விருப்பத்தைக் கேட்பது ஒரு குற்றமா என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஒரு ஆட்டத்துக்கு முன் டிரெஸ்ஸிங் ரூமில் 'அபா' குழுவின் 'டான்ஸிங் குயின்' பாட்டு ஓடியதாம். களத்தில் இறங்கப்போகிற நேரத்தில் அந்தப் பாட்டு. இதை நிறுத்து என்று சொல்ல ஒரு ஆள்கூட இல்லையே என்று கவலைப்பட்டிருக்கிறார். இங்கேதான் சிக்கல் பிடிபடுகிறது. டிரெஸ்ஸிங் ரூமில் கீன் தேடிக்கொண்டிருந்தது இன்னொரு கீனை. கேப்டனாக இருந்தபோது அவரே அந்த ஆள். அவரே கத்துவார், அவரே களத்தில் இறங்கி ஓடியும் காட்டுவார். மேனேஜரால் கத்த மட்டும்தான் முடியும். ஓட வேண்டியது, டான்ஸிங் குயின் கேட்கும் 22 வயதுப் பையன்.

2008 அக்டோபரில் நியூகாஸிலைச் சொந்த மைதானத்தில் 2-1 எனத் தோற்கடித்தார்கள். உள்ளூர் எதிரியைச் சொந்த மண்ணில் வென்று 28 வருடங்கள் ஆகியிருந்தன! ஊர் கொண்டாடித் தீர்த்தது. ஆறு வாரம் தாண்டவில்லை. போல்ட்டனிடம் வீட்டிலேயே 4-1 தோல்வி. டிசம்பர் 4-ம் தேதி கீன் ராஜினாமா. கிளப்பில் பணம் போட்ட அமெரிக்கர் எல்லிஸ் ஷார்ட், போனில் தன்னிடம் பேசிய தொனி பிடிக்கவில்லை என்று பிறகு எழுதினார். குடும்பம் செஷயரில், வேலை வடகிழக்கில் என்று அவர் அலைந்ததும் ஒரு காரணம். பாதியில் விட்டுப் போய்விட்டார் என்ற பேச்சு சைபனுக்குப் பிறகு இன்னொரு முறை.

அடுத்தது இப்ஸ்விச், 2009 ஏப்ரல். நல்ல பெயர் உள்ள, அமைதியான கிளப். முதல் இரண்டு ஆட்டமும் ஜெயம். அடுத்த சீஸனில் முதல் 14 லீக் ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. இளம் ஸ்ட்ரைக்கர் ஜோர்டன் ரோட்ஸை சில லட்சம் பவுண்டுக்கு ஹடர்ஸ்ஃபீல்டுக்கு விற்றார். மூன்று வருடம் கழித்து பிளாக்பர்ன் அதே பையனை 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. தப்பு செய்துவிட்டேன் என்று கீனே ஒப்புக்கொண்ட விஷயம் இது. இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். இப்ஸ்விச்சின் நிறம் நீலம். அந்த ட்ராக் சூட்டைப் போடவே அவருக்குப் பிடிக்கவில்லை. மான்செஸ்டர் சிட்டி நீலம், ரேஞ்சர்ஸ் நீலம், எதிரிகள் எல்லாம் நீலம்! சிரிப்பு வருகிறதுதான். ஆனால், அந்த நீலத்தைத் தாத்தா காலத்திலிருந்து போட்டுக்கொள்ளும் ஒரு இப்ஸ்விச்காரர் இதைப் படித்தால் எப்படி இருக்கும்? 2011 ஜனவரியில் அணி 19-வது இடத்தில் இருந்தபோது வேலையை விட்டு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கீன் எந்த அணிக்கும் முழுநேர மேனேஜராக ஆனதில்லை.

மார்ட்டின் ஓநீலுக்கு உதவியாளராக, 2013 முதல் ஐந்து வருடம் அயர்லாந்து அணியோடு இருந்தார். 2016 யூரோவில் இத்தாலியை வென்ற இரவு, சைபனை எல்லோரும் மறந்தார்கள். 2018-ல் ஓநீலும் கீனும் விலக, அந்த இடத்துக்கு அசோசியேஷன் அழைத்து வந்த மேனேஜர் மிக் மெக்கார்த்தி! இப்ஸ்விச்சையும் கீன் போன ஒன்றிரண்டு வருடத்தில் எடுத்துக்கொண்டு ஐந்தரை வருடம் நடத்தியவர் அவர்தான். இவர் விட்ட நாற்காலியில் அவர், அவர் விட்ட நாற்காலியில் இவர். 2006-லேயே ஒரு லீக் ஆட்டத்தில் எதிரெதிர் மேனேஜர்களாகச் சந்தித்தபோது இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். ரசிகர்கள்தான் இன்னும் குலுக்கவில்லை.

இன்றைய பசங்களுக்கு கீன் என்றால் வெள்ளைத் தாடி வைத்த டி.வி மாமா. 2020-ல் டாட்டன்ஹாமுடனான ஆட்டத்தில் யுனைடெட் கோல் கீப்பர் செய்த தவறைப் பார்த்துக் கொதித்து, இவரையெல்லாம் டீம் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன், டாக்ஸி பிடித்து வரட்டும் என்றார். 2022 உலகக்கோப்பையில் கோல் அடித்துவிட்டு பிரேசில் வீரர்கள் ஆடிய நடனம் எதிரணிக்கு அவமரியாதை என்றார். சந்தோஷத்தைக்கூடப் பொறுக்காத மனுஷர் என்று பலர் கிண்டலடித்தார்கள். அதே உலகக்கோப்பையில், மனித உரிமைப் பிரச்னைகள் இருக்கும்போது இந்தப் போட்டி கத்தாருக்கு வந்திருக்கவே கூடாது என்று கத்தாரில் உட்கார்ந்துகொண்டே சொன்னதும் அவர்தான். டி.வி-யில் இந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்துக் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை.

2022 பிப்ரவரியில் சண்டர்லேண்ட் மறுபடி கூப்பிட்டது. கிளப் அப்போது மூன்றாவது டிவிஷனில் கிடந்தது. செய்தி கசிந்ததும் ஊரில் பழைய விவாதம் புதிதாக ஆரம்பம். ஒரு பக்கம், 88 புள்ளிகளையும் நியூகாஸிலையும் நினைத்துக்கொண்டவர்கள். இன்னொரு பக்கம், அந்த டிசம்பர் மாதத்தை மறக்காதவர்கள். பேச்சுவார்த்தை நடந்தது, ஒப்பந்தம் படியவில்லை. அலெக்ஸ் நீல் என்பவரை நியமித்தார்கள். மே மாதம் பிளே-ஆஃப் ஜெயித்து மேலே ஏறியது சண்டர்லேண்ட்.

2025-ல் 'சைபன்' என்ற பெயரிலேயே ஒரு படம் வந்தது. மெக்கார்த்தியாக ஸ்டீவ் கூகன், கீனாக அயர்லாந்தின் இளம் நடிகர் ஏன்னா ஹார்ட்விக். அந்த மீட்டிங் நடந்து 23 வருடங்கள். அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள். படம் முடிந்து வெளியே வரும்போது அவர்களிடமும் அப்பாக்கள் அதையேதான் கேட்பார்கள். "சொல்லு, நீ கீன் பக்கமா, மெக்கார்த்தி பக்கமா?"